பல நாள் ராஃப்டிங்: நம்ம பக்கத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஈரோட்டில் கல்யாணமோ நோம்பியோ, நாலு ஒறம்பரை கூடிவிட்டால் யாராவது ஒருவர் "ஆத்துல ரப்பர் போட்டுல நாள்கணக்குல போறியாமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகு வருகிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். கோவை, திருப்பூர் பக்கம் வேலை பார்க்கிற இளசுகள் போனில் கேட்பதும் அதேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள்; முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ஏனுங்கக்கா, ராஃப்டிங்னா ஒகேனக்கல் பரிசல் மாதிரிதானுங்களே? அதுல என்ன நாலு நாளு?

தண்ணீர்மேல் மிதப்பது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது. பரிசல் வட்டமானது, மூங்கிலில் பின்னியது. பரிசல்காரர் ஒருவரே ஒற்றைத் துடுப்பில் சமாளிப்பார். நாம் ஆடாமல் அசையாமல் குந்தியிருந்தால் போதும். ராஃப்ட் காற்றடைத்த நீளமான படகு. உள்ளே அடிக்கிற தண்ணீர் அடித்தட்டின் ஓரத்து ஓட்டைகள் வழியாகத் தானே வெளியேறிவிடும். ஆறேழு பேர் இரண்டு பக்கமும் விளிம்பில் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். பின்னால் இருக்கிற கைடு திசையைப் பார்த்துக்கொள்வார். தேர் இழுக்கிற மாதிரிதான்: வடம் பிடிப்பது நாம், முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவது அவர். நாம் இழுக்காவிட்டால் அவர் கட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு நாள் பயணத்தில் முடிகிற இடத்தில் ஜீப் நிற்கும், ஏறி வந்துவிடலாம். பல நாள் பயணத்தில் அரிசி, அடுப்பு, கூடாரம், மருந்துப் பெட்டி எல்லாம் நம்மோடு ஆற்றிலேயே வரும். அதற்கென்று நீண்ட துடுப்புகள் பூட்டிய சாமான் படகு ஒன்று தனியாக வரும். முன்னால் ஒருவர் சின்ன கயாக்கில், அதாவது ஒற்றை ஆள் உட்கார்கிற ஒல்லிப் படகில், போவார். யாராவது தண்ணீரில் விழுந்தால் முதலில் வந்து சேர்கிறவர் அவர்தான்.

நாலு நாளும் அலை தூக்கித் தூக்கிப் போட்டுட்டே இருக்குமா?

இல்லை. வீடியோவில் பார்க்கிறதெல்லாம் அந்த அரை நிமிடம் மட்டும்தான். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் தண்ணீரில் இருந்தால், துள்ளுகிற நேரத்தை மொத்தமாகக் கூட்டினாலும் அரை மணி தேறாது. மீதியெல்லாம் அமைதியான நீரோட்டம், துடுப்பு, வெயில், மலை, மீன்கொத்தி. மதியம் தாண்டியதும் ஏதாவது ஒரு மணல்கரையில் ஒதுங்கிவிடுவார்கள். சாமான் இறக்குவது, கூடாரம் அடிப்பது, விறகு பொறுக்குவது, பாத்திரம் கழுவுவது என்று பொழுது போய்விடும்.

அதனால் திரில்லுக்கு மட்டும் வருகிறவர்களை நான் ஒரு நாள் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். கரையில் கழிகிற நேரம் பிடிக்கும் என்கிறவர்கள்தான் நாலு நாளும் முகம் சுளிக்காமல் இருக்கிறார்கள்.

நமக்குத்தான் காவிரி இருக்குதே. மேட்டூர்ல எறங்கி கொடுமுடி வரைக்கும் போனா ஆகாதா?

எல்லாரும் கேட்கிற கேள்வி, ஆசையான கேள்வியும்கூட. ஆகாது. மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. பவானி கூடுதுறை தாண்டினால் சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோழசிராமணி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தண்ணீர் ஏரி மாதிரி தேங்கி நிற்கும். துடுப்புப் போட்டுக் கை கழன்றதுதான் மிச்சம். அப்புறம் ஒவ்வொரு கதவணையிலும் படகைத் தூக்கிக் கரைவழியாகச் சுமக்க வேண்டும், அங்கே இறங்க அனுமதியும் கிடையாது.

சுமப்பது கூடப் பரவாயில்லை. தடுப்பணையின் அடிவாரம்தான் எமன். மேலிருந்து விழுகிற தண்ணீர் அடிவரை போய், மேலே எழும்பி, மறுபடி அணைப்பக்கமே திரும்பி வரும். அகப்பட்ட ஆளை வெளியே விடாமல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி அமுக்கும். இயற்கையான பாறைச் சரிவில் இந்தச் சுழலுக்கு எங்காவது ஒரு பக்கம் வாசல் இருக்கும். கரைக்குக் கரை நேர்கோடாகக் கட்டிய கான்கிரீட் சுவரில் அது இருக்காது. மேலே நின்று பார்த்தால் இடுப்புயர அருவி மாதிரி அழகாகத் தெரியும். உலகமெங்கும் ராஃப்டிங்காரர்கள் பெரிய அருவியைவிட இந்தக் குட்டைச் சுவரைப் பார்த்துத்தான் ஒதுங்கிப் போகிறார்கள்.

அப்ப பவானில? மோயாத்துல?

பவானியில் பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் விட்டால் மேட்டுப்பாளையத்தில் கணுக்கால் தண்ணீர் கழுத்துக்கு வர அதிக நேரம் ஆகாது. குளிக்க இறங்கிப் போய்ச் சேர்ந்தவர்கள் கதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுகிறது. அனுமதி கிடையாது, முதலையும் உண்டு. தெங்குமரஹாடாக்காரர்கள் பரிசலில் அக்கரை போவது அவர்கள் பிழைப்பு, அதைப் பார்த்து நாம் கிளம்பக் கூடாது.

படகில் மிதந்து பார்க்க மட்டும் ஆசை என்றால், காரமடைக்கு மேலே பரளிக்காட்டில் வனத்துறையே பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் விடுகிறது. அது ராஃப்டிங் அல்ல. ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டுத் தண்ணீர்மேல் உட்கார அம்மாவையும் குழந்தைகளையும் பழக்க நல்ல இடம்.

அப்புறம் எங்கதானுங்க போறது?

முதலில் ஒரு நாள் பயணம். நமக்குக் கிட்டக்க இருப்பது தெற்குக் குடகில் ஓடுகிற பாரபோளே ஆறு. மழைக்காலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடும். தூரம் கொஞ்சம், வேகம் அதிகம். கர்நாடகத்து தாண்டேலியில் காளி ஆறு சூபா அணைத் தண்ணீரை நம்பி ஓடுகிறது. மழை ஓய்ந்த பிறகு வெயில்காலம் வரை போகலாம். பாரபோளே அளவுக்கு மிரட்டாது, புதியவர்களுக்கு அதுதான் தோது. இரண்டில் ஒன்றில் நனைந்து பார்த்து, "இன்னொரு நாள் இருந்திருக்கலாமே" என்று தோன்றினால் மட்டும் அடுத்த படி.

பல நாள் பயணத்துக்கு வடக்கேதான் போக வேண்டும். முதல் தடவைக்கு நான் சொல்வது உத்தரகண்டின் காளி, அதாவது சாரதா. சரயு வந்து சேர்கிற பஞ்சேஸ்வரம் பக்கம் ஆற்றில் இறங்கி தனக்பூர் அருகே கரையேறுவார்கள். மூன்று நான்கு நாள். இடது கரை நேபாளம், வலது கரை இந்தியா. பெரும்பாலும் நடுத்தர வேகம், அகலமான மணல்கரைகள், காடு. ஜிம் கார்பெட் 1938இல் தாக் கிராமத்து ஆட்கொல்லிப் புலியைச் சுட்டது இந்த ஆற்றோரத்தில்தான், ராத்திரி கதை சொல்ல ஆகும். கங்கையில் ரிஷிகேஷுக்கு மேலேயும் போகலாம். ஆனால் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்த பிறகு கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் நடுவில் பழையபடி மணலில் முகாம் போட முடியாது. லடாக்கின் சன்ஸ்கார், அருணாச்சலத்தில் டூட்டிங்கிலிருந்து பாசிகாட் வரை சியாங் இரண்டும் பெரிய பயணங்கள். அவற்றை மூன்றாவது நாலாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது கஷ்டமில்லை. கேரளா எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாகத்தான் தில்லி போகிறது. தில்லியிலிருந்து தனக்பூருக்கு நேர் ரயில் உண்டு.

கிரேடு 3, கிரேடு 4ங்கறாங்களே, எது வரைக்கும் நம்மால ஆகும்?

தண்ணீர் துள்ளுகிற பாறைச்சரிவு எவ்வளவு கடினம் என்று சொல்ல 1 முதல் 6 வரை ஒரு அளவுகோல். 1 என்றால் சலசலப்பு. 3 என்றால் படகுக்குள் தண்ணீர் அடிக்கும், கைடு சொல்கிறபடி துடுப்புப் போட்டே ஆக வேண்டும். 4இல் தவறினால் சேதம் உண்டு. 6க்குக் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற மாட்டார்கள். முதல் பயணத்துக்கு 3 போதும், நடுவில் ஒரு 4 வந்தால் கரைவழியாக நடந்து தாண்டலாம். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரே பாறைச்சரிவு மார்ச்சில் 3 என்றால், பனி உருகி ஆறு ஏறியதும் 4 ஆகலாம். சிலது தண்ணீர் கூடினால் மூழ்கி ஒன்றுமில்லாமலும் போகும். ரோட்டோரத்தில் இருக்கிற 3 வேறு, இரண்டு நாள் நடந்தால்தான் ஊர் என்கிற பள்ளத்தாக்கில் இருக்கிற 3 வேறு.

எனக்குக் கெணத்து நீச்சல் நல்லா வரும். மேல இருந்து குதிச்சே பழகுனவன். போதாதா?

தண்ணீர் பயம் போயிருக்கும், அது பெரிய விஷயம். பத்தாள் ஆழக் கிணற்றில் படியிலிருந்து குதித்தவனுக்கு முகத்தில் தண்ணீர் அடித்தால் மூச்சு பதறாது. ஆனால் கிணற்றில் தண்ணீர் நிற்கும், நாம்தான் நகர்வோம். எந்தச் சுவரைத் தொட்டாலும் கரை. அந்தப் பழக்கம் ஆற்றில் இரண்டு விதத்தில் இடிக்கும். ஒன்று, விழுந்ததும் படகைப் பார்த்து எதிர்நீச்சல் போடுவது. முக்கால் நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இன்னொன்று, கால் தரையில் பட்டதும் எழுந்து நிற்பது.

இந்த இரண்டாவது உயிருக்கே உலை. ஓடுகிற தண்ணீரில் நின்றால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டும், முதுகில் வெள்ளம் தள்ளும், ஆள் முகம் குப்புற மடிவான். முட்டளவுத் தண்ணீரே போதும். வேகம் இல்லாத இடத்துக்கு வந்து, வயிறு தரையில் உரசும் வரை எழுந்திருக்கவே கூடாது.

நீச்சலே தெரியாதுங்க. வரலாமா?

ஒரு நாள் பயணத்துக்கு, கிரேடு 2–3 ஆற்றுக்கு, சரியான ஜாக்கெட்டோடு வரலாம். பல நாளுக்கு வர வேண்டாம் என்பது என் கருத்து. சில நிறுவனங்கள் ஏற்றிக்கொள்கின்றன. நாலு நாளும் பயத்திலேயே உட்கார்ந்திருப்பது உங்களுக்கும் கஷ்டம், கூட வருகிறவர்களுக்கும் கஷ்டம். மூன்று மாதம் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

சரி, விழுந்துட்டேன். என்ன பண்றது?

முதலில் மூச்சு. வடக்கத்தி ஆறுகள் பனி உருகி வருகிறவை. விழுந்ததும் நெஞ்சு அடைத்து, வாய் தானே திறந்து மூச்சிழுக்கும். அந்த முதல் ஒரு நிமிடம் வாயில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் ஜாக்கெட் மிதக்கவைக்கும். அப்புறம் மல்லாந்து படுத்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி, பாதம் ஆறு போகிற திசையில். பாறை வந்தால் கால்தான் முட்ட வேண்டும், தலை அல்ல. படகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதன் வெளிக்கயிற்றைப் பிடியுங்கள்.

மீட்க வருகிறவர் கயிற்றுப்பை, அதாவது கயிறு அடைத்த பை, வீசினால் கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும், பையை அல்ல. பையைப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கிற கயிறு உருவிக்கொண்டே போகும். பிடித்ததும் நெஞ்சோடு அணைத்து, கயிறு தோள்மேல் போகிற மாதிரி மல்லாந்துகொள்ளுங்கள். முகம் தண்ணீருக்கு மேலே நிற்கும், கரையில் இருக்கிறவர் இழுக்கிற இழுப்பில் நீங்களே ஊஞ்சல் மாதிரி ஓரம் சேர்வீர்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு: விழுந்த மரம் குறுக்கே கிடந்து, தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போனால் மல்லாந்து போகாதீர்கள். கவிழ்ந்து, அதை நோக்கி வேகமாக நீந்தி, மார்பை மேலே ஏற்றித் தாவி ஏறுங்கள். அடியில் போனால் வலையில் சிக்கிய கதைதான்.

என்னென்ன எடுத்துட்டு வரோணும்?

பருத்தி வேண்டாம். நம்ம திருப்பூர் பனியன் ஊரில் சுகம், ஆற்றில் நனைந்தால் காயாது, குளிர் ஏறும். விளையாட்டுக்காரர்கள் போடுகிற பாலியஸ்டர் சட்டை, அரைக்கால் டவுசர், குளிர்காலம் என்றால் கம்பளி அல்லது ஃப்ளீஸ். செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் வைத்த சாண்டலோ பழைய கேன்வாஸ் ஷூவோ போதும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னந்தலையில் கட்டுகிற பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். டார்ச், தொப்பி, தினம் சாப்பிடுகிற மாத்திரை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில்.

டிரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, நிறுவனமே தரும். அதை மூடுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாய்வரை அடைக்காதீர்கள், முக்கால் பங்கு நிறைந்ததும் பைமேல் முழங்காலை வைத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாய் விளிம்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிப் பிடித்து, மூன்று மடிப்பு இறுக்கமாகச் சுருட்டிக் கொக்கி போடுங்கள். துணி நுனி ஒன்று மடிப்பில் மாட்டினாலும் அந்த வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். தூங்குகிற பையை அதற்குள்ளும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிவையுங்கள்.

நாலு நாளும் ரொட்டியும் பருப்புமா? நம்ம சோறு கெடைக்குமா?

சோறு கிடைக்கும், பருப்பு, உருளைக்கிழங்கு, ராஜ்மா, முட்டை. சமைக்கிறவர்கள் நன்றாகவே செய்வார்கள், காரம்தான் நமக்குப் பத்தாது. பருப்புப்பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள், கண்ணாடி ஜாடியில் வேண்டாம். வறுத்த நிலக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டால் பதினோரு மணிக்குப் படகில் எல்லாரும் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு தடவை கூட வந்த கோபிக்காரர் ஒருவர் அரிசிம்பருப்பு சோறு ஆக்கிக் காட்டினார். அடுத்த நாளிலிருந்து அந்த உத்தரகண்ட் குமாவுன் பக்கத்துச் சமையல்காரர் எங்களையே ஆக்கச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வெளிய போறதெல்லாம் எப்படிங்க?

முகாமில் கூடாரத்தால் மறைத்த குழிக் கழிப்பறை போடுவார்கள், ஆற்றிலிருந்து தள்ளி. மண் தள்ளி மூடுவது உங்கள் வேலை. வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், மலத்தைக் கூட மூடிய பெட்டியில் அடைத்துப் படகிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். இங்கேயும் சில நல்ல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. டிஷ்யூ பேப்பரை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். சோப்புப் போட்டு ஆற்றில் குளிக்கவும் கூடாது.

அக்கா, அந்த நாள்ல வந்துட்டா? டிக்கெட் எல்லாம் போட்டாச்சு.

வா அம்மிணி, அதற்காக நிறுத்தாதே. நாள்முழுக்க நனைவதால் நாப்கின் சரிப்படாது. மாதவிடாய்க் கப் பழகியிருந்தால் அதுதான் வசதி, ஆனால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் பழகிவிடு. டாம்பன் என்றால் உபயோகித்ததைப் போட்டு வைக்க இரட்டைப் பை, வெளிப்பக்கம் தெரியாத நிறத்தில். ஆற்றிலோ குழியிலோ போடக் கூடாது, கூடவே திரும்பி வர வேண்டும். குழுவில் பெண் கைடு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள். இல்லாவிட்டாலும் தலைமைக் கைடிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடு. இடையில் ஒரு நிறுத்தம் கூடுதலாகக் கிடைக்கும்.

ராத்திரி தூங்கறப்ப ஆறு ஏறிட்டா?

நல்ல கேள்வி. முகாமில் இறங்கியதும் கைடு என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பார். தேநீர் குடிக்கும்போது ஒரு பார்வை, சாப்பிட்டதும் டார்ச் அடித்து ஒரு பார்வை. குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் ஏறுகிறது, காய்ந்த மணலில் நின்றால் இறங்குகிறது. எவ்வளவு நேரத்தில் எத்தனை விரற்கடை என்பதை வைத்துக் கூடாரத்தை மேலே மாற்றுவதா என்று முடிவு செய்வார். படகுகளையும் மேலே இழுத்து, பாறையிலோ மரத்திலோ கட்டாமல் யாரும் தூங்கப் போக மாட்டார்கள்.

சன்ஸ்கார் மாதிரி பனியாறுகளில் வானம் தெளிவாக இருந்தாலே ஆறு ஏறும். பகல் வெயிலில் உருகிய பனி கீழே வந்து சேர மாலையோ இரவோ ஆகிவிடும், காலையில் இறங்கியிருக்கும். நாம் மேகத்தைப் பார்த்துத்தானே வெள்ளத்தைக் கணிப்போம், அங்கே அந்தக் கணக்கு செல்லாது. மேலே அணை இருக்கிற ஆறு என்றால் பவானிக்குச் சொன்னதுதான்: தண்ணீர் விடுகிற நேரம் கைடுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கம்பெனி நல்லதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

பேர் சொல்ல மாட்டேன். போன் போட்டுக் கேளுங்கள்: பாதுகாப்புக் கயாக் வருமா? குறைந்தது இரண்டு படகு உண்டா? ஒற்றைப் படகு கவிழ்ந்தால் மீட்க யாரும் இல்லை. கைடுகள் முதலுதவியும் ஆற்று மீட்பும் முறையாகப் படித்தவர்களா? இந்த ஆற்றில், இந்த மாதத்தில் போயிருக்கிறார்களா? நடுவில் வெளியேற ரோடு எங்கெங்கே தொடுகிறது? கடைசிக் கேள்விக்கு ஊர் ஊராகப் பேர் சொல்லிப் பதில் வந்தால் நம்பலாம். "அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

நேரில் போனதும் ஜாக்கெட்டைச் சோதியுங்கள். வார்களை இறுக்கியபின் கூட வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு தப்பு, வேறு கேளுங்கள்.

சாயங்காலம் மட்டும் ஒரு பெக் போட்டுக்கலாமுங்களா?

படகில் ஏறுவதற்கு முன்னால் கூடவே கூடாது. சாயங்காலம் என்றாலும் ராத்திரி குச்சி மூழ்கினால் இருட்டில் கூடாரம் தூக்க வேண்டியது நீங்கள்தான்.

நாலு பசங்க சேந்து ஒரு ராஃப்ட் வாங்கிப் போட்டா, வருசாவருசம் நாமளே போலாமே?

படகு வாங்குவது சுலபம். ஒரு ராஃப்ட், நாலு ஜாக்கெட் என்று ஆரம்பித்து, மாற்றுத் துடுப்பு, பம்பு, பஞ்சர் ஒட்டுகிற சாமான், கயிறு, கப்பி வரை போகும். பிரச்சினை அதுவல்ல. ஆற்றைத் தூரத்திலிருந்து பார்த்து எது வழி, எது பொறி என்று படிக்கிற கண் வேண்டும். பாறையில் ஒட்டி நிற்கிற படகைக் கயிறு கட்டி இழுக்கத் தெரிய வேண்டும். ரிஷிகேஷில் கைடு பயிற்சியும் ஆற்று மீட்புப் பயிற்சியும் நடக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு, இரண்டு மூன்று சீசன் யாருக்காவது உதவியாளாகப் போய்விட்டு அப்புறம் படகைப் பற்றிப் பேசலாம். அதுவரை, மேலே சொன்ன கதவணைப் பக்கம் அந்தப் படகை இறக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நடுவுல ஒடம்புக்கு முடியாம போனா? செல் எடுக்குமா?

பெரும்பாலும் எடுக்காது. சாட்டிலைட் போன் கொண்டுபோகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டில் வாங்கின செய்தி அனுப்பும் கருவிக்கும் அதேதான். ரோடு தொடுகிற இடங்களைப் பற்றி முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்: பாதியில் ஒருவரை இறக்கி அனுப்ப அதுதான் வழி. ரத்த அழுத்தம், சர்க்கரை, தோள்பட்டை நழுவின பழைய வரலாறு, சமீபத்தில் நடந்த ஆபரேஷன் எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். கர்ப்பிணிகள் வேண்டாம். சன்ஸ்காருக்காக லடாக்கின் லே போகிறவர்கள் ஆற்றில் இறங்குமுன் இரண்டு நாளாவது சும்மா இருந்து உடம்பைப் பழக்க வேண்டும். ஊரே 3,500 மீட்டர் உயரம்.

வீட்ல என்னங்க சொல்லிட்டு வர்றது? அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

"டூர் போறேன்" என்று பொய் சொல்லிவிட்டு வராதீர்கள். நாலு நாள் போன் எடுக்காவிட்டால் அதைவிடப் பெரிய களேபரம் ஆகும். ஒரு தாளில் இறங்குகிற இடம், ஏறுகிற இடம், நிறுவனத்தின் எண், கூட வருகிறவர்கள் பேர், ஆற்றிலிருந்து வெளியே வருகிற தேதி எல்லாம் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் ராத்திரிவரை கூப்பிடாவிட்டால்தான் நிறுவனத்துக்குப் போன் போட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறினால் ஒரு நாள் கரையிலேயே காத்திருக்க வேண்டி வரலாம், அந்த ஒரு நாள் அதற்குத்தான்.